பித்தநாள அடைப்பும் ஸ்டென்டும்: நோயாளியின் வீட்டார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கணையம், பித்தநாளம், பித்தப்பை ஆகியவற்றில் வரும் புற்றுநோயால் பித்தநீர் செல்லும் வழி அடைபட்டு, மஞ்சள் காமாலையோடு வந்து சேர்பவர்களின் வீட்டாருடன் பேசுவது, சேலத்தில் செவிலியாகப் பணிபுரியும் எனக்கு அன்றாட வேலை. கேள்விகள் பெரும்பாலும் மருத்துவர் வார்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போன பிறகுதான் வெளியே வருகின்றன. அம்மாபேட்டையிலிருந்து வருபவரும் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்திலிருந்து இறங்கி வருபவரும் கேட்பவை ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இது பொதுவான விளக்கம்தான். உங்கள் வீட்டு நோயாளியின் ஸ்கேனைப் பார்த்த மருத்துவர் சொல்வதே அவருக்குப் பொருந்தும்.

“மஞ்சக் காமாலைதானுங்க, கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தாச் சரியாயிடாதுங்களா?”

காமாலை எல்லாம் ஒரே நோய் அன்று. வைரஸ் கிருமியால் கல்லீரல் வீங்கி வரும் காமாலையில் பெரும்பாலானவை சில வாரங்களில் தாமாகவே தணிந்துவிடும். அந்தச் சமயத்தில் என்ன கொடுத்தோமோ அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. கீழாநெல்லியைப் பற்றி 1988இல் சென்னையிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்து பரவலாகப் பேசப்பட்டது. ஆனால் அது ஹெபடைடிஸ் பி கிருமியைப் பற்றியது, அதன் முடிவுகளும் பிந்தைய ஆய்வுகளில் உறுதிப்படவில்லை. பித்தநாளத்தை வெளியிலிருந்து ஒரு கட்டி நெரித்துக்கொண்டிருக்கும்போது எந்த மூலிகையும் அந்தக் கட்டியை விலக்காது.

சிறுநீர் கடும் மஞ்சளாகவும் மலம் வெளிறிச் சாம்பல் நிறமாகவும் போவது, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தொடங்கி இரவில் தூங்கவிடாத அரிப்பு, காரணமின்றி உடல் மெலிவது ஆகியவை சேர்ந்து வந்தால் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். வயிற்றை ஒரு சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தாலே பித்தக் குழாய்கள் விரிந்திருக்கின்றனவா என்பது தெரிந்துவிடும். நாட்டு மருந்து கொடுத்ததற்காக நான் யாரையும் கடிந்துகொள்வதில்லை. அந்த ஸ்கேனை ஒன்றரை மாதம் தள்ளிப்போட்டதுதான் பல வீடுகளில் இழப்பாகிறது.

“வலியே இல்லீங்க. வலியில்லாம எப்படிக் கேன்சர்னு சொல்றாங்க?”

பித்தநாளத்தில் கல் சிக்கினால் பெரும்பாலும் வலி முதலில் வந்துவிடும். கணையத்தின் தலைப்பகுதியிலோ குழாயின் சுவரிலோ மெல்ல வளரும் கட்டி, வலி எதுவும் காட்டாமல் முதலில் காமாலையாகவே வெளிப்படக்கூடும். ஆகவே, நடுவயதைத் தாண்டியவருக்கு வலியில்லாமல் காமாலை வந்தால் மருத்துவர்கள் கூடுதலாகக் கவலைப்படுகிறார்கள். அண்மையில்தான் சர்க்கரை நோய் வந்தவர் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

“ஸ்டென்ட் வெச்சாக் கேன்சர் போயிடுங்களா?”

போகாது. ஸ்டென்ட் என்பது அடைபட்ட இடத்தின் ஊடே பித்தநீர் குடலுக்குள் இறங்குவதற்காக வைக்கப்படும் ஒரு குழாய், அவ்வளவே. கட்டி அங்கேயேதான் இருக்கும். கல்லீரல் நாளொன்றுக்குச் சுமார் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. அது தேங்கும்போது கல்லீரல் நலிகிறது, கிருமித் தொற்று ஏற்படுகிறது, வைட்டமின் கே உடலில் சேராமல் இரத்தம் உறைவது தாமதமாகிறது. இவற்றை நீக்குவதே வடிகால் சிகிச்சையின் வேலை.

மூன்று நோக்கங்களில் ஒன்றுக்காக இது செய்யப்படுகிறது: அறுவை சிகிச்சைக்கு உடலைத் தயார்படுத்த, கீமோதெரபி தொடங்கும் அளவுக்குப் பிலிருபினை (காமாலையில் இரத்தத்தில் கூடும் மஞ்சள் நிறப்பொருள்) குறைக்க, அல்லது அரிப்பும் தொற்றும் இல்லாமல் இருக்கிற நாட்களை நிம்மதியாகக் கழிக்க. உங்கள் வீட்டு நோயாளிக்கு இவற்றில் எது என்பதைச் சம்மதப் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன் கேட்டுவிடுங்கள். எந்தக் குழாய், எந்த வழி, எத்தனை முறை என்று கீழே வரும் எல்லாக் கேள்விகளுக்கும் விடை அந்த ஒன்றைப் பொறுத்தே மாறுகிறது. குழாயின் விலையை விசாரிப்பவர்கள் இதைக் கேட்க மறந்துவிடுவதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

“ஆபரேஷன் பண்ணப் போறாங்கன்னா அதுக்கு முன்னாடி ஸ்டென்ட் எதுக்குங்க?”

எல்லோருக்கும் தேவையில்லை. கணையத் தலைப் புற்றுநோய்க்கு, பிலிருபின் மிக அதிகமாகாத நிலையில் உடனே அறுவை சிகிச்சை செய்வதையும், முதலில் ஸ்டென்ட் வைத்துக் காத்திருந்து பிறகு செய்வதையும் நெதர்லாந்தில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2010இல் வெளியான அந்த ஆய்வில், கடுமையான சிக்கல்கள் உடனே அறுவை செய்யப்பட்டவர்களில் 39 விழுக்காட்டினருக்கும், முன்கூட்டி ஸ்டென்ட் வைக்கப்பட்டவர்களில் 74 விழுக்காட்டினருக்கும் வந்தன. அங்கே பயன்பட்டவை பெரும்பாலும் பிளாஸ்டிக் குழாய்கள் என்பதையும் சேர்த்தே அந்த எண்களைப் படிக்க வேண்டும்.

ஏற்கெனவே குளிர் காய்ச்சல் வந்திருந்தாலோ, பிலிருபின் மிகவும் ஏறியிருந்தாலோ, அறுவைக்கு முன் கீமோதெரபி கொடுக்கத் திட்டமிருந்தாலோ, அறுவைக்கான நாள் பல வாரங்கள் தள்ளிப்போனாலோ முன்கூட்டி வடிப்பது நியாயமே. “அடுத்த வாரம் ஆபரேஷன், இன்று ஸ்டென்ட்” என்று சொல்லப்பட்டால் மட்டும் ஏன் என்று பணிவாகக் கேளுங்கள்.

“வாய் வழியா விடுறது நல்லதா, விலாவுல ஓட்டை போட்டு விடுறது நல்லதா?”

வாய் வழியாகச் செய்வது ஈ.ஆர்.சி.பி. கேமரா பொருத்திய, வளையும் குழாயான எண்டோஸ்கோப்பை இரைப்பையைக் கடந்து சிறுகுடலின் தொடக்கம் வரை கொண்டுபோய், பித்தநாளம் குடலில் திறக்கும் வாயைக் கண்டு, எக்ஸ்ரே உதவியோடு அடைப்பின் ஊடே ஒரு மெல்லிய கம்பியைச் செலுத்தி, அதன்மேல் ஸ்டென்டை ஏற்றுகிறார்கள். உடம்புக்கு வெளியே எதுவும் தெரியாது. அடைப்பு பித்தநாளத்தின் கீழ்ப்பகுதியில் இருந்தால் பொதுவாக முதலில் முயல்வது இதையே.

விலா எலும்புகளுக்கு இடையே, அல்லது நெஞ்சுக்குழிக்குக் கீழே, ஊசியைச் செலுத்திக் கல்லீரலுக்குள் விரிந்திருக்கும் பித்தக் குழாயைத் தொட்டு வடிகுழாய் வைத்து, அதன் வெளிமுனையை ஒரு பையோடு இணைப்பது பி.டி.பி.டி. அடைப்பு கல்லீரலின் வாசலிலேயே இருக்கும்போதும், கட்டி சிறுகுடலையே அடைத்திருக்கும்போதும், முன்பு இரைப்பையில் அறுவை நடந்து வழி மாறியிருக்கும்போதும், ஈ.ஆர்.சி.பி. முயன்று முடியாதபோதும் இந்த வழிக்கு வருகிறார்கள். வயிற்றில் நிறைய நீர் கோத்திருந்தாலும், இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். கூடியிருந்தாலும் இது கடினம். வைட்டமின் கே ஊசி போட்டு ஓரிரு நாள் காக்க வைப்பது பெரும்பாலும் இதனால்தான்.

மூன்றாவது வழியும் உண்டு. எண்டோஸ்கோப்பின் நுனியிலேயே அல்ட்ராசவுண்ட் கருவி பொருத்தி, இரைப்பை அல்லது குடலின் சுவரைத் துளைத்து நேராகப் பித்தநாளத்துக்குள் ஸ்டென்ட் வைக்கும் இம்முறை 2001இல் பிரான்ஸில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இதற்குத் தனிப் பயிற்சி பெற்றவர்கள் தேவை என்பதால் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. ஆகவே எது நல்லது என்பது அடைப்பின் இடத்தையும், செய்பவரின் கைப்பழக்கத்தையும் பொறுத்தது.

“ஈ.ஆர்.சி.பி. பண்ணுறப்ப வலிக்குங்களா? உயிருக்கு ஆபத்தா?”

மயக்க ஊசி போட்டே செய்வதால் வலி தெரியாது. ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும். இரத்தத்தை இளக வைக்கும் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் சில நாட்களுக்கு முன்பே சொல்ல வேண்டும். மேசையில் படுத்த பிறகு சொல்லிப் பயனில்லை.

முக்கியமான சிக்கல் கணைய அழற்சி. நூற்றுக்கு மூன்று முதல் பத்துப் பேர் வரை இது வரலாம். பெரும்பாலும் சில நாட்களில் தணியும், சிலருக்கு மட்டும் கடுமையாகும். அதைத் தடுக்கத்தான் ஆசனவாயில் ஒரு மாத்திரை வைக்கிறார்கள். வாய் வழியாகச் செய்யும் சிகிச்சைக்கு அங்கே ஏன் மாத்திரை என்று வீட்டார் திகைப்பதுண்டு. அது தவறுதலாக நடப்பதில்லை. இரத்தக் கசிவும் குடலில் துளை விழுவதும் அரிது. சிகிச்சை முடிந்த அன்று மாலை வயிற்றின் மேற்பகுதியில் தொடங்கி முதுகுக்குப் பாயும் வலி வந்தால், வாயு என்று எண்ணிச் சோடா வாங்கிக் கொடுக்காமல் உடனே செவிலியரை அழையுங்கள்.

“பிளாஸ்டிக் போதுங்களா, மெட்டலே வெச்சுக்கலாங்களா?”

வழக்கமான பிளாஸ்டிக் குழாயின் விட்டம் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதற்குள் கிருமிப் படலமும் பித்தச் சேறும் படிந்து, சுமார் மூன்று மாதத்தில் அடைத்துக்கொள்ளும், மாற்றியாக வேண்டும். உலோக ஸ்டென்ட் சுருங்கிய நிலையில் உள்ளே போய், விரிந்து எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் ஆகிறது. பல மாதங்கள் திறந்திருக்கும். வாங்கும்போது விலை கூடுதல். ஆனால் பிளாஸ்டிக்கை இரண்டு முறை மாற்றும் செலவையும், அதற்காக மறுபடி மயக்கம், மறுபடி மருத்துவமனையில் சேர்வது, கூலி வேலையை விட்டு உடன் வருபவரின் நாட்கள் ஆகியவற்றையும் கூட்டிப் பார்த்தால் அந்த இடைவெளி பெரிதும் சுருங்கிவிடும். சில மாதங்களுக்கு மேல் வாழும் வாய்ப்புள்ளவருக்கு, கீழ்ப்பகுதி அடைப்பென்றால், உலோகமே ஏற்றது என்பதே இன்றைய பொதுக் கருத்து.

உலோகத்திலும் இரண்டு வகை. வலைக்கண் திறந்திருக்கும் வகைக்குள் கட்டி புகுந்து வளர்ந்துவிடலாம், பிறகு அதை எடுக்கவும் முடியாது. உறை போர்த்திய வகையில் கட்டி எளிதில் புகாது, தேவைப்பட்டால் எடுக்கலாம். ஆனால் நழுவி இறங்கும் வாய்ப்பு அதிகம்.

“பயாப்சி ரிசல்ட் இன்னும் வரலீங்க. அதுக்குள்ள வெச்சுரலாங்களா?”

அவசரம் என்றால் வைக்கலாம், ஆனால் எடுக்கக்கூடிய குழாயாக இருக்க வேண்டும். புற்றுநோய் போலவே தோன்றி, பிறகு ஸ்டீராய்டு மாத்திரையில் கரையும் கணைய அழற்சியும் உண்டு. திசுப் பரிசோதனை முடிவு வராமல் திறந்த வலை உலோக ஸ்டென்டைப் பதித்துவிடக் கூடாது. சி.டி. ஸ்கேனையும் ஸ்டென்டுக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது. குழாய் உள்ளே போன பிறகு, குறிப்பாகக் கணைய அழற்சியும் வந்துவிட்டால், கட்டி இரத்தக் குழாயைத் தொடுகிறதா என்பது படத்தில் தெளிவாகத் தெரியாது. அறுவை சாத்தியமா என்று சொல்லப்போகும் மருத்துவர் அந்தத் தெளிவை நம்பித்தான் இருக்கிறார்.

“எங்க மாமனாருக்கு ரெண்டு ஸ்டென்ட் வைக்கணும்ங்கிறாங்க. காசு பிடுங்கறாங்களோ?”

இடது, வலது கல்லீரலிலிருந்து வரும் குழாய்கள் கூடும் சந்தியில் கட்டி இருந்தால், அது இரண்டு கிளைகளையும் தனித்தனியே மூடிவிடும். ஒரு கிளையைத் திறந்தால் மற்றது அடைபட்டே கிடக்கும். கல்லீரலின் பாதிக்கு மேற்பட்ட பகுதியிலிருந்தாவது பித்தநீர் வடிய வேண்டும் என்பதே இலக்கு. அதற்கு ஒன்று போதுமா இரண்டு வேண்டுமா என்பதை, பித்தக் குழாய்களைப் படம் பிடிக்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் சொல்லும். அந்த ஸ்கேன் இல்லாமல் இவ்வகை அடைப்புக்கு நேராக ஈ.ஆர்.சி.பி.க்குப் போவதைத்தான் நான் தயக்கத்தோடு பார்ப்பேன். எக்ஸ்ரேயில் குழாய் தெரிவதற்காகச் செலுத்தும் சாய மருந்து உள்ளே போய் வெளியே வர வழியில்லாத கிளையில் தொற்று கிளம்பிவிடும்.

“பையில பித்தம் நெறைய வருதுங்க. கெட்டது வெளிய போறது நல்லதுதானுங்களே?”

உடம்பில் பித்தம் கூடினால் கெடுதல் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பை நிறைவது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் பித்தநீர் கழிவு அன்று. கொழுப்பைச் செரிக்கக் குடலுக்கு அது வேண்டும். அதனோடு நீரும் உப்பும் வெளியேறுவதால், முழுவதும் வெளியே வடிபவர் சில நாட்களில் நாக்கு வறண்டு, தலைசுற்றி, சிறுநீர் குறைந்து துவண்டுவிடலாம். வடிந்த அளவுக்கு ஈடாகக் கஞ்சி, மோர், இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று உள்ளே போக வேண்டும். சிறுநீரகம் அல்லது இதய நோய் உள்ளவர் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வடிகுழாயின் முனை அடைப்பைத் தாண்டிக் குடலுக்குள் போயிருந்தால், சில நாட்களில் வெளிப்பக்கத்தை மூடி, பித்தநீரை உள்ளேயே இறங்க விடுவார்கள். அப்படி மூடிய பிறகு காய்ச்சலோ கசிவோ வந்தால், மூடியைத் திறந்து மறுபடி பையோடு இணைத்துவிட்டு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

“பையோட வீட்டுக்கு அனுப்புறாங்க. நாங்க எப்படிங்க பாத்துக்கறது?”

வீட்டுக்குப் போகும் முன் இதை ஒருவர் கையால் செய்து காட்டிவிட்டுப் போக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பேன். குழாயில் உள்ள திருகை எந்தப் பக்கம் திருப்பினால் எந்த வழி திறக்கும் என்று பார்த்துக்கொண்டு, மருத்துவர் சொன்ன இடைவெளியில், ஐந்து முதல் பத்து மில்லி சலைனை மெதுவாக உள்ளே தள்ள வேண்டும். திரும்ப உறிஞ்சி இழுக்கக் கூடாது. குடலிலுள்ள கிருமி மேலேறும். தள்ளும்போது எதிர்ப்பு தெரிந்தால் பலம் கொடுக்காமல் நிறுத்திவிடுங்கள். பை எப்போதும் குழாய் நுழையும் இடத்துக்குக் கீழே தொங்க வேண்டும். பாதி நிறைந்ததும் காலி செய்து, எத்தனை மில்லி, என்ன நிறம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முதல் ஓரிரு நாள் இளஞ்சிவப்பாக வருவது இயல்பு. பிறகு சிவந்த இரத்தமாக வந்தால் அவசரம்.

ஏற்காட்டுக்காரர்களுக்கு ஒரு சொல். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து திரும்பும்போது உடம்பு ஒரு பக்கம் சாய, இருக்கைக் கம்பியில் மாட்டிய பை மறுபக்கம் இழுக்கும். பையை நோயாளியின் உடம்போடு சேர்த்தே கட்டுங்கள்; குழாயை வயிற்றில் இரண்டு இடங்களில் பிளாஸ்திரி போட்டு, நடுவில் சற்றுத் தளர்வாக விடுங்கள். குழாய் கழன்று வந்துவிட்டால் மறுபடி உள்ளே சொருகப் பார்க்காதீர்கள். சுத்தமான துணியால் மூடி அன்றே கீழே இறங்குங்கள். அந்தத் துளை விரைவில் தூர்ந்துவிடும், பிறகு புதிதாகக் குத்த வேண்டிவரும். கழலாவிட்டாலும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழாயை மாற்ற வேண்டும்.

“ஸ்டென்ட் வெச்சு ஒரு வாரமாச்சு, கண்ணு இன்னும் மஞ்சளாவே இருக்கே?”

அடைப்பு திறந்ததும் முதலில் மாறுவது மலத்தின் நிறம். பிறகு அரிப்பு தணியும், சிறுநீர் தெளியும். கண்ணின் மஞ்சள் கடைசியில்தான் போகும். நெடுநாள் தேங்கிய பிலிருபினில் ஒரு பகுதி இரத்தத்திலுள்ள அல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டுவிடுகிறது. அது சிறுநீரில் இறங்காது, அந்தப் புரதம் சிதையும்போதுதான் போகும், அதற்கு வாரங்கள் ஆகும். ஆகவே கண்ணாடியைப் பார்த்துக் கவலைப்படுவதை விட, இரத்தப் பரிசோதனையில் எண் இறங்குகிறதா என்று பார்ப்பது மேல். எண்ணும் இறங்காவிட்டால் குழாய் அடைத்திருக்கலாம், நழுவியிருக்கலாம், அல்லது முன்பு சொன்னபடி இன்னொரு கிளை மூடிக் கிடக்கலாம். வெளிப்பை மட்டும் உள்ளவருக்கு மலம் வெளிறியே இருக்கும். அதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம்.

“குளுரு காய்ச்சல் வந்துச்சுங்க. டோலோ போட்டுக் காலைல வரலாங்களா?”

காலை வரை காத்திருக்கக் கூடாது, அப்போதே வர வேண்டும். பித்தநாளத்தில் ஸ்டென்டோ வடிகுழாயோ உள்ளவருக்கு உடம்பு உதறும் குளிரோடு காய்ச்சல் வந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை அது பித்தநாளத் தொற்று. கிருமி இரத்தத்தில் கலந்து சில மணி நேரத்தில் இரத்த அழுத்தம் விழுந்துவிடலாம். பாராசிட்டமால் சூட்டைக் குறைக்கும், தொற்றை மறைக்கும். நள்ளிரவானாலும் 108ஐ அழையுங்கள்; ஸ்டென்ட் வைத்த தேதியும் வகையும் எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஆன்டிபயாடிக் ஊசி மட்டும் பெரும்பாலும் போதாது, அடைத்த குழாயையும் திறக்க வேண்டும். பிளாஸ்டிக் என்றால் மாற்றுவார்கள், உலோகம் என்றால் அதற்குள்ளேயே இன்னொன்றை வைப்பார்கள்.

“எண்ணெய், கறி, முட்டை எல்லாம் நிறுத்திட்டோங்க. சரிதானுங்களே?”

சரியில்லை. ஏற்கெனவே மெலிந்தவரை உப்பில்லாப் பத்தியத்தில் வைப்பது அவரை மேலும் ஒடுக்கும். முட்டை, மீன், பருப்பு, தயிர் எல்லாம் தரலாம். எண்ணெய்ப் பசையோடு மலம் மிதந்து போனால் கணைய நொதி மாத்திரை தேவைப்படலாம். அதை உணவின் நடுவே விழுங்க வேண்டும்.

“காப்பீட்டு அட்டையில வருங்களா?”

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிப்பது நல்ல தொடக்கம். தனியாரிடம் போவதானால் அனுமதியாகும் முன்பே காப்பீட்டுக் கவுன்டரில் இரண்டைக் கேளுங்கள்: உலோக ஸ்டென்டின் விலை அந்தத் தொகைக்குள் அடங்குமா, மறுபடி மாற்ற வேண்டிவந்தால் மீண்டும் ஒப்புதல் கிடைக்குமா?

“அப்பாகிட்டக் கேன்சர்னு சொல்லாமயே வெச்சுக்கலாங்களா?”

இதற்கு நான் தரும் விடை எல்லோருக்கும் பிடிப்பதில்லை. சம்மதம் தர வேண்டியவர் அவர். “கல்லு, எடுத்தாச்சு” என்று சொல்லி வைத்துவிட்டால், மூன்று மாதம் கழித்துக் குழாய் மாற்ற அழைக்கும்போது அவர் வர மறுப்பார். காய்ச்சல் வந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரையே கேட்டுத் தொடங்குவது மருத்துவருக்குத் தெரிந்த முறைதான். அந்தப் பேச்சுக்கு அரை மணி நேரம் ஒதுக்கித் தரும்படி கேளுங்கள்.

“ரொம்ப முடியாம இருக்காரு. ஒண்ணும் பண்ணாம விட்டுட்டா அது பாவமுங்களா?”

படுத்த படுக்கையாகி, கல்லீரல் முழுவதும் நோய் பரவி, இன்னும் சில நாட்களோ ஓரிரு வாரங்களோதான் என்ற நிலையில், விலாவில் குழாய் செருகுவது நோவைக் கூட்டுவதாகவே முடியலாம். அப்போது வடிக்காமல் விடுவதும் ஒரு மருத்துவ முடிவுதான், கைவிடுவது ஆகாது. தொற்றும் தாங்க முடியாத அரிப்பும் இருந்து, நோயாளி ஓரளவு தெம்போடும் இருந்தால் கணக்கு வேறு.

வடிக்காவிட்டாலும் செய்ய நிறைய இருக்கிறது. அரிப்புக்குக் கொடுக்கும் கொலஸ்டிரமின் பொடி, பித்தநீர் குடலுக்குச் சற்றேனும் இறங்கினால்தான் வேலை செய்யும். முழு அடைப்பில் ரிஃபாம்பிசின் அல்லது செர்ட்ரலின் மாத்திரையை மருத்துவர் முயன்று பார்ப்பார். ரிஃபாம்பிசினால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், அதைக் கண்டு மிரள வேண்டாம். நகத்தை ஒட்ட வெட்டி, வெதுவெதுப்பான நீரில் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி, மெல்லிய பருத்தி வேட்டியைப் போர்த்துங்கள். வலிக்கு மார்ஃபின் கொடுக்கலாம், கல்லீரல் நலிந்திருப்பதால் குறைந்த அளவில் தொடங்குவார்கள். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் வலி தணிப்புச் செவிலியரைப் பற்றி உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.